கல்யாண ஹைலைட்ஸ் வீடியோவில் ஆண் பார்வை: எதை எண்ணுவது, எப்படி எண்ணுவது?

விஸ்காம்_காட்பாடி:

வணக்கம். காட்பாடியில் ஒரு மகளிர் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் இறுதியாண்டு படிக்கிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஸ்டூடியோக்கள் யூடியூபில் போடும் கல்யாண ஹைலைட்ஸ் வீடியோக்களில் மணப்பெண் எப்படிப் பார்க்கப்படுகிறாள் என்பதுதான் என் புராஜெக்ட். இருபது வீடியோ சேர்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் நாலைந்து நிமிஷம் ஓடும்.

சினிமா பெண்ணை ஆணின் கண்ணால் பார்க்கவைக்கிறது என்ற 'ஆண் பார்வை' கருத்தை முன்வைத்த லாரா மல்வியின் கட்டுரையைப் படித்துவிட்டேன். அது ஹாலிவுட் கதைப்படங்களைப் பற்றியது. இங்கே கதை கிடையாது, கவர்ச்சி உடையும் கிடையாது. பொண்ணு பட்டுப்புடவையில், கழுத்து நிறைய நகையோடு உட்கார்ந்திருக்கிறாள். "இதில் ஆண் பார்வை எங்கே இருக்கிறது? எண்ணிக் காட்டு" என்கிறார் கைடு. எதை எண்ணுவது? பொண்ணே ஆசைப்பட்டுக் கேட்டு எடுத்துக்கொள்கிற வீடியோ இது, அதற்கு என்ன பதில் சொல்வது? இரண்டு நிமிஷத்துக்கு மாற்று வீடியோ ஒன்றும் எடுத்துக் காட்ட வேண்டும். அதைப் பிறகு கேட்கிறேன்.

சட்டகம்:

உடை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதில் தொடங்கினால் ஆய்வு முதல் பக்கத்திலேயே தடம் மாறிவிடும். மல்வி 1975-இல் 'ஸ்க்ரீன்' இதழில் எழுதியது பார்வைகள் எப்படி அடுக்கப்படுகின்றன என்பதைப் பற்றி. படம் பிடிக்கும் கேமராவின் பார்வை, படம் பார்ப்பவரின் பார்வை, படத்துக்குள் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வை என்று மூன்று. கதைப்படம் முதல் இரண்டையும் மூன்றாவதற்குள் மறைத்துவைக்கும். நாயகன் திரும்பிப் பார்க்கிறான், அடுத்த ஷாட்டில் பெண் வருகிறாள், நாம் அவன் கண்ணால் அவளைப் பார்க்கிறோம். அவன் கதையை நகர்த்துகிறான். அவள் வந்ததும் கதை நின்று காட்சி தொடங்குகிறது. தலை முதல் கால் வரை போர்த்திய பெண்ணையும் இந்த அடுக்குக்குள் வைக்க முடியும்.

உங்கள் வீடியோக்களில் இரண்டு பகுதிகளைப் பிரித்துவையுங்கள். ஒன்று, மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவது, வாட்ச் கட்டுவது, படியேறுவது, திரும்பிப் பார்ப்பது, உடனே பொண்ணு வருவது. இங்கே பார்ப்பவன் படத்துக்குள்ளேயே இருக்கிறான், மல்வி நேரடியாகப் பொருந்துவார். இன்னொன்று, பொண்ணு அலங்காரம். நெத்திச்சுட்டி, ஜிமிக்கி, வங்கி, ஒட்டியாணம், கொலுசு என்று துண்டு துண்டாக வரும் பகுதி. அந்த அறையில் அவளைப் பார்க்கும் ஆண் யாருமில்லை. அந்தப் பார்வை முழுக்கக் கேமராவுடையது, நம்முடையது. இரண்டையும் ஒரே பெயரில் எண்ணினால் கைடு உங்களை மடக்குவது எளிது, அது நியாயமும்கூட.

ஒரு ஷாட்டுக்கு ஒரு வரி என்று அட்டவணை போடுங்கள். தொடக்க நேரம், முடிவு நேரம், யார் இருக்கிறார்கள், ஷாட் அளவு, முகம் சட்டகத்துக்குள் இருக்கிறதா, கேமரா எப்படி நகர்கிறது, கேமரா அவள் கண் மட்டத்துக்கு மேலா கீழா, அவள் எங்கே பார்க்கிறாள் (லென்ஸை, இன்னொருவரை, கண்ணாடியை, தரையை), அவள் கை என்ன செய்கிறது, இதற்கு முந்தைய ஷாட்டில் யாராவது பார்ப்பதாகக் காட்டினார்களா, வேகம், அவள் குரல் கேட்கிறதா. மாப்பிள்ளைக்கும் இதே வரிகள்தான். மாப்பிள்ளையை எண்ணாமல் பொண்ணை மட்டும் எண்ணுவதுதான் இந்த மாதிரி புராஜெக்ட்டுகளில் அதிகம் நடக்கும் குறை. ஒப்பிட ஆள் இல்லாமல் வரும் எண் எதையும் நிரூபிக்காது.

கை என்ன செய்கிறது என்ற கட்டத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். விளம்பரப் படங்களை வைத்துச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் எழுதி 1979-இல் நூலாக வந்த ஆய்வில், பெண்ணின் கை பொருளைப் பற்றிப் பிடிப்பதில்லை, வருடுகிறது, விளிம்பைத் தடவுகிறது என்று காட்டுகிறார். ஆணின் கை பிடிக்கிறது, தூக்குகிறது, திருகுகிறது. தலை சாய்த்தல், முழங்காலை லேசாக மடித்தல், கண்ணை வேறெங்கோ விட்டுவிட்டு மனத்தால் அங்கே இல்லாததுபோல் நிற்றல், ஆணை உயரமாக நிறுத்துதல் இவையும் அவர் பட்டியலில் உண்டு. ஏலகிரியில் எடுக்கும் ப்ரீ-வெட்டிங் ஷூட் எதையாவது ஓடவிட்டு இந்தக் கண்ணோடு பாருங்கள். பொண்ணு துப்பட்டா நுனியைத் தொடுவாள், அவன் அவளையே தூக்குவான்.

டைம்லைன்_ராணிப்பேட்டை:

மேடம் சொன்ன அட்டவணை சரி. எடிட்டிங் பக்கம் சில விஷயம் தெரியலைன்னா எண்ணிக்கையே தப்பா வரும்.

ஷாட் பிரிக்க டாவின்ச்சி ரிசால்வ்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல சீன் கட் டிடெக்‌ஷன் இருக்கு. ஆனா கல்யாண வீடியோல ஸ்டில் போட்டோகிராஃபரோட ஃபிளாஷ் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அது கட்டுன்னு நினைச்சுக்கும். டிசால்வ், அதாவது ஒரு ஷாட் கரைஞ்சு அடுத்தது வர்றது, வந்தா நேர்மாறா கண்டுபிடிக்காமலே போகும். தாலி கட்டுற இடத்துலதான் ஃபிளாஷ் மழையா கொட்டும், அங்கதான் உங்களுக்குக் கணக்கு முக்கியம். அதனால மெஷின் பிரிச்சதை அப்படியே எடுத்துக்காம, முழுசா ஒரு தடவை கையால சரிபாருங்க. ஃபிரேம் ஃபிரேமா நகர்த்திப் பார்க்க வி.எல்.சி. போதும்.

அடுத்தது ஸ்லோ மோஷன். செகண்டுக்கு 25 ஃபிரேம் ஓடற டைம்லைன்ல 50 ஃபிரேம்ல எடுத்ததைப் போட்டா பாதி வேகம், 100 ஃபிரேம்ல எடுத்ததைப் போட்டா கால் வேகம். பொண்ணு ஒரு செகண்ட் கண்ணை உயர்த்தினது திரையில நாலு செகண்ட் நிக்கும். நீங்க திரை நேரத்தை மட்டும் கூட்டினா "பொண்ணுக்குத்தான் அதிக நேரம் கொடுத்திருக்காங்க, அவதான் நாயகி"ன்னு முடிவு வரும். ரெண்டு கட்டம் வைங்க: திரை நேரம், நிஜ நேரம். நடை, கொலுசு, தண்ணி தெறிப்பு இதையெல்லாம் வச்சு வேகத்தை ஓரளவு கணிக்கலாம். திரை நேரம் கூடி, நிஜ நேரம் குறைஞ்சு, கையில வேலை எதுவும் இல்லாத ஷாட்டுங்க யார் பேர்ல அதிகம்னு பாருங்க. அதுதான் "கதை நின்னு காட்சி தொடங்குது"ங்கறதோட எடிட்டிங் வடிவம்.

முகம் இல்லாத குளோசப் எல்லாமே உடம்பைத் துண்டு போடறதுன்னு எழுதிடாதீங்க. தாலி கட்டும்போது முடிச்சு பிடரியில விழுது. நாத்தனார் ஜடையைத் தூக்கிப் பிடிப்பாங்க, கேமரா பின்னாடி போய்த்தான் ஆகணும், முகம் வராது. மெட்டி போடறப்ப காலைத்தான் காட்ட முடியும். அங்க ஒரு காரியம் நடக்குது, அது நடக்கிற இடத்தைக் காட்டறோம். அதே பிடரியை அலங்கார அறையில ஜன்னல் வெளிச்சத்துல, தள்ளி நின்னே நெருக்கமா காட்டுற 85 எம்எம் லென்ஸ்ல, பின்னணி கரைஞ்சு போக, ஒரு காரியமும் நடக்காம நாலு செகண்ட் காட்டினா அது வேற. 'காரியம் நடக்கும் உறுப்பு', 'காட்சிக்கு வைத்த உறுப்பு'ன்னு ரெண்டு குறியீடு வைங்க.

கலர் கிரேடிங்கையும் விடாதீங்க. பொண்ணு முகத்தை மட்டும் வட்டம் போட்டு வெளிச்சம் ஏத்தறது, தோலை வழவழப்பாக்கறது, மஞ்சளைக் குறைச்சு வெளுப்பாக்கறது எல்லாம் இந்தத் தொழில்ல சகஜம். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ஒரே ஷாட்டுல முகத்தையும் முழங்கையையும் பாருங்க. முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம்னா முகத்துல தனியா வேலை நடந்திருக்கு. மாப்பிள்ளைக்கு எத்தனை ஷாட்டுல அப்படி இருக்குன்னும் குறிச்சு வைங்க. மண்டபத்து மஞ்ச லைட்டால வர்ற நிற மாற்றம் ரெண்டு பேர் மேலயும் சமமா விழும், அதோட இதைக் குழப்பிக்காதீங்க.

சட்டகம்:

நிறத்தைப் பற்றி அவர் சொன்னதைத் தனி இயலாகவே எழுதலாம். "பெண்" என்று பொதுவாகப் பேசினால் எந்தப் பெண் என்ற கேள்வி விடுபடும் என்பதைக் கருப்பினப் பெண் பார்வையாளர்களை முன்வைத்து அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் 1992-இல் எழுதினார். அவர் பேசுவது அமெரிக்காவின் இனவெறியை. அதைச் சாதியின் மேலும் நிறத்தின் மேலும் அப்படியே ஒட்டவைக்காதீர்கள். கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பார்க்கத் தகுந்தவளாக ஆக்குவதற்கு முன்பு இந்தப் பெண்ணின் முகத்தில் எதைத் திருத்துகிறார்கள்?

பொண்ணே கேட்டு எடுத்துக்கொள்வது பற்றி. இதற்கு மல்வியைவிடக் கலை விமர்சகர் ஜான் பெர்ஜர் உதவுவார். 1972-இல் பிபிசியில் நான்கு பகுதிகளாக வந்த தொடரிலும் அதையொட்டி வந்த நூலிலும் அவர் சொல்வது, பெண் தன்னைப் பிறர் பார்ப்பதை எப்போதும் தானும் பார்த்துக்கொண்டிருக்கப் பழக்கப்படுகிறாள், பார்ப்பவளும் பார்க்கப்படுபவளுமாக இரண்டாகப் பிரிகிறாள் என்பது. ஆக அவள் விரும்பிக் கேட்டாள் என்பது உங்கள் வாதத்துக்கு எதிரான சான்று ஆகாது, விளக்க வேண்டிய செய்தி. உளவியல் பக்கம் ஃபிரெட்ரிக்சன், ராபர்ட்ஸ் இருவரும் 1997-இல் முன்வைத்த கோட்பாடு இதையே சோதித்துப் பார்க்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தது: வெளியாள் பார்வையைத் தன் பார்வையாக்கிக்கொண்டவருக்குத் தன் உடலைக் கண்காணிப்பதே ஓயாத வேலையாகிவிடும்.

ஆனால் எல்லா மணப்பெண்ணும் ஏமாந்தவள் என்று எழுதிவிடாதீர்கள். அது ஆணவம், உண்மையும் இல்லை. ஆறேழு பேரைச் சந்தித்துப் பேசுங்கள். "உங்களைப் பொருளாக்கியதாக உணர்ந்தீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும், அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வீடியோவை ஓடவிட்டு, பிடித்த இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். எந்த ஷாட்டை ஸ்டேட்டஸில் வைத்தார், எதை வெட்டச் சொன்னார், அந்த ஷாட் எடுக்கும்போது என்ன செய்யச் சொன்னார்கள், எத்தனை தடவை திரும்பச் செய்யச் சொன்னார்கள் என்று கேளுங்கள். "கீழே பாருங்க, மெதுவா நிமிர்ந்து சிரிங்க" என்று ஒருவர் சொல்லித்தான் அந்த நாணம் வந்தது என்பது இப்படித்தான் வெளியே வரும்.

கூத்துத்திரை:

கோட்பாட்டை மேற்கிலிருந்து கொண்டுவரும்போது நம் மரபில் பார்வை எப்படி அமைந்திருக்கிறது என்பதையும் ஒரு கை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் வேறு வேர் உள்ள ஒன்றையும் சேர்த்து ஆண் பார்வைக் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

காலில் தொடங்கி மெல்ல முகத்துக்கு ஏறும் டில்ட் ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திரைப்பட ஆய்வில் அது ஆண் பார்வையின் அடையாளம்போலவே ஆகிவிட்டது. தமிழில் அடி முதல் முடி வரை வருணிப்பதற்குப் பாதாதிகேசம் என்று ஒரு சிற்றிலக்கிய வகையே இருக்கிறது. திருப்பாணாழ்வாரின் அமலனாதிபிரான் பத்துப் பாட்டும் அரங்கனின் திருவடியில் தொடங்கி, ஆடை, உந்தி, மார்பு, கழுத்து, வாய் என்று ஏறுவதுதான். அங்கே பார்க்கப்படுவது ஆண் தெய்வம், பார்ப்பவர் பக்தர். எட்டாம் பாட்டில் கண்களுக்கு வரும்போது அந்தப் பெரிய கண்கள் பார்ப்பவரையே பேதைமை செய்துவிடுகின்றன. பார்க்கப்படுபவரிடம்தான் ஆற்றல் இருக்கிறது.

அதனால் டில்ட் இருக்கிறதா என்று மட்டும் குறிக்காதீர்கள், அது எங்கே போய் முடிகிறது என்று குறியுங்கள். நேராக நம்மைப் பார்க்கும் கண்ணிலா, தாழ்ந்த இமையிலா, முகம் வருவதற்கு முன்பே கட் ஆகிவிடுகிறதா? மண்டபத்தில் சிம்மாசனம் போட்ட சோபாவில் நேர்முகமாக உட்கார்ந்து லென்ஸைப் பார்க்கும் மணப்பெண் ஷாட் தரிசன மரபுக்கு நெருக்கமானது. முகம் வருவதற்கு முன்பே கட் ஆகும் ஷாட்டுக்கு அந்த மரபில் இடமில்லை.

தலைகுனிந்த மணப்பெண்ணுக்கும் ஒரு பழைய வரைபடம் இருக்கிறது. குறிப்பறிதல் அதிகாரத்தில் 1094-ஆம் குறள்: நான் பார்க்கும்போது நிலத்தைப் பார்க்கிறாள், நான் பார்க்காதபோது என்னைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள். இரண்டு பேர் பார்வையும் எப்போது எங்கே போகிறது என்று ஒன்றே முக்கால் அடியில் ஷாட் பிரித்ததுபோல இருக்கிறது. இதில் அவள் பார்க்கிறாள், ஆசையோடு பார்க்கிறாள், ஆனால் சொல்வது அவன். உங்கள் வீடியோக்களில் குறளின் முதல் பாதி, அதாவது அவன் பார்க்க அவள் குனிவது, எத்தனை தடவை வருகிறது, இரண்டாம் பாதி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். என் கணிப்பில் இரண்டாம் பாதியைத்தான் எடிட்டில் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் பெண் கேமராக்காரர்தான் வேண்டும் என்று கேட்பது உண்டு. அப்படி எடுத்ததைப் பொதுவில் போடமாட்டார்கள், அதனால் யூடியூபை மட்டும் நம்பிய தொகுப்பில் இந்தத் திருமணங்கள் குறைவாகவே வரும். ஆய்வு எல்லையில் இதை எழுதிவையுங்கள். கேமராவுக்குப் பின்னால் பெண் இருந்தால் பார்வை தானாக மாறிவிடும் என்றும் எண்ண வேண்டாம். பயிற்சி வீடியோக்களில் அதே ஷாட் பட்டியலைப் பார்த்துத்தான் அவரும் தொழில் கற்றிருப்பார்.

விஸ்காம்_காட்பாடி:

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. தோழியும் நானும் சேர்ந்து குறியீடு போடப் போகிறோம். ஒரு வீடியோவில் சோதித்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு ஷாட்டில் ஒரே பதில் வந்தது. இது போதுமா? இருபது வீடியோவும் முடியுமா என்று பயமாக இருக்கிறது. மாற்று வீடியோவுக்கும் யோசனை சொல்லுங்கள் அண்ணா.

சட்டகம்:

தொண்ணூறு சதவீதம் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஏமாற்றும். 'காட்சிக்கு வைத்த உறுப்பு' நூறில் பத்து ஷாட்டில்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பத்து குறித்தீர்கள், தோழியும் பத்து குறித்தார், அதில் ஐந்துதான் பொது. 'இல்லை' என்பதில் எண்பத்தைந்து ஒத்துப்போகும், ஆக மொத்தம் 90 சதவீதம். ஆனால் தற்செயலாகவே 82 சதவீதம் (0.1 × 0.1 + 0.9 × 0.9) ஒத்துப்போயிருக்கும். தற்செயல் ஒப்புதலைக் கழித்துப் பார்க்கும் அளவான கோஹன் கப்பா போட்டால் 0.90-இலிருந்து 0.82 போக 0.08, அதை 1-இலிருந்து 0.82 போக மிஞ்சும் 0.18-ஆல் வகுத்தால் 0.44. இது போதாது. 0.61-க்கு மேல் வந்தால் கணிசமான ஒப்புதல் என்பது லேண்டிஸ், கோச் 1977-இல் தந்த அளவுகோல். குறைந்தபட்சம் அதை எட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகக் கப்பா போட வேண்டும். எங்கே குறைகிறதோ அங்கே விளக்கம் மங்கலாக இருக்கிறது என்று பொருள். முரண்பட்ட ஷாட்டுகளை உட்கார்ந்து பேசி, விதியைத் திருத்தி எழுதி, வேறொரு வீடியோவில் திரும்பச் சோதியுங்கள். சோதித்த வீடியோவை இறுதிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இருபது வேண்டாம். ஐந்து நிமிஷ வீடியோவில் ஷாட் சராசரி இரண்டு செகண்ட் என்றால் 150 வரி. இருபதுக்கு 3000 வரி, ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு கட்டம், இரண்டு பேர். எட்டு எடுத்தால் 1200 வரி, இளங்கலைக்கு அது தாராளம். எட்டும் எட்டு ஸ்டூடியோவுடையதாக இருக்கட்டும். ஒரே ஸ்டூடியோவின் மூன்று வீடியோ ஒரே டெம்ப்ளேட்டின் மூன்று நகல்தான். உங்களுக்கு உறுத்திய வீடியோக்களையே பொறுக்காமல், பட்டியல் போட்டுச் சீட்டுக் குலுக்கி எடுங்கள்.

யூடியூபில் இருக்கிறது என்பதற்காக மணப்பெண்ணின் படத்தை ரிப்போர்ட்டில் அச்சிடாதீர்கள். தன் உறவுக்காரர் பார்க்கட்டும் என்று அனுமதித்தவர், ஆய்வுக்கு அனுமதித்தவர் ஆகமாட்டார். ஸ்டில்லின் மேல் தாள் வைத்துக் கோட்டுச் சித்திரமாக வரையுங்கள். முகம் தெரியாது, தலைச் சாய்வும் கேமரா உயரமும் இன்னும் தெளிவாகத் தெரியும்.

டைம்லைன்_ராணிப்பேட்டை:

மாற்று வீடியோக்கு: அழகா எடுக்கக்கூடாதுன்னு நினைச்சு எடுத்தீங்கன்னா ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. அழகா எடுங்க, பார்வையை மட்டும் மாத்துங்க.

அலங்கார அறை சின்னதா இருக்கும், மேக்கப் ரிங் லைட்டு, நாலு சொந்தக்காரங்க, இடமே இருக்காது. அதனாலதான் எல்லாரும் 85 எம்எம் போட்டு ஒதுங்கி நின்னு துண்டு துண்டா எடுக்கறாங்க. அகலமா காட்டுற 35 எம்எம் போடுங்க. ஜிமிக்கி மாட்டுற கை, அவ முகம், பக்கத்துல பேசிக்கிட்டிருக்கிற அத்தை மூணும் ஒரே ஃபிரேம்ல வரும். ஜிமிக்கியை அவளே மாட்டட்டும். கேமரா அவ உட்கார்ந்திருக்கிற கண் மட்டத்துல இருக்கட்டும். நின்னுக்கிட்டே எடுத்தா தானா மேலேர்ந்து கீழே பார்க்கிற மாதிரி ஆயிடும், இது அசதியில எல்லாரும் பண்றது.

மணவறையில ஒரு கேமரா முன்னாடி இருக்கும். இன்னொன்னை அவ தோளுக்குப் பின்னாடி வச்சு, அவ என்ன பார்க்கிறாளோ அதை எடுங்க: புகை, ஐயரோட கை, முன்வரிசையில அப்பா, பக்கத்துல அவன் கழுத்துல ஊத்துற வேர்வை. எடிட்ல முதல்ல அவ பார்க்கிற ஷாட்டு, அடுத்து அவ பார்த்தது. இந்த வரிசை மாறினா அர்த்தமே மாறிடும். அவ பார்த்த ஷாட்டை எடுத்துட்டு அவ கண்ணு திரும்பற ஷாட்டை எடுக்காம விட்டுட்டா, பார்க்கிறவங்களுக்கு அது யார் பார்வைன்னே தெரியாது. ரெண்டும் கட்டாயம் வேணும்.

ஸ்லோ மோஷன் வேணும்னா வைங்க, அவ ஒரு காரியம் செய்யற இடத்துல வைங்க.

குரல்தான் இந்த வீடியோக்கள்ல சுத்தமா இல்லாதது. சின்ன ரெக்கார்டர்ல காலர் மைக் மாட்டி, புடவை மடிப்புல குத்துங்க. நகை உரசாத பக்கமா பாருங்க, இல்லன்னா காசுமாலை சத்தம்தான் பதிவாகும். பேச்சோட உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்கற மாதிரி லெவல் வைங்க. முகூர்த்தத்துல நம்பாதீங்க, கெட்டிமேளத்துல தவிலும் நாதஸ்வரமும் சத்தத்தை லெவலுக்கு மேல ஏத்தி எல்லாத்தையும் கிளிப் பண்ணிடும், பதிவு உடைஞ்சு கேக்கும். நலங்குலயே பேச வச்சு எடுத்துடுங்க. கேள்வி கேட்டு பேட்டி மாதிரி வேண்டாம், அவளும் அவ சிநேகிதிங்களும் பேசிக்கிறதை அப்படியே ஓட விடுங்க, பத்து நிமிஷத்துல உபயோகப்படற மாதிரி முப்பது செகண்ட் கிடைச்சிடும். அந்தக் குரலை அலங்கார ஷாட்டுங்க மேல வச்சுப் பாருங்க, பாட்டு வேண்டாம். யூஸ் பண்றதுக்கு முன்னாடி அவகிட்ட போட்டுக் காட்டி, எந்த வரி வேண்டாம்னு சொல்றாளோ அதை எடுத்துடுங்க.